அது பெய்ஸ்லி இல்லை, மாங்காய்: வோபர்னில் பிள்ளைகளோடு நகை செய்வது

ஜனவரி மாதம் வந்தால் எங்கட வீடுகளில் ஒரு அவசரம் தொடங்கும். 2016இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, பள்ளிக்கூடங்களிலும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி இருக்கும். பாவாடை சட்டை அளவோ, பொட்டு எங்கே, மாலை எங்கே என்று காலை ஏழு மணிக்கு வீடு இரண்டுபடும். நாலாம் வகுப்புப் படிக்கும் என்ர மகளும் போன ஜனவரியில் அப்படித்தான் போனாள். கழுத்தில் ஒரு இமிட்டேஷன் மாங்காய் மாலை.

பின்னேரம் வந்து சொன்னாள்: "அம்மா, என்ர நெக்லஸ் என்ன ஷேப் எண்டு டீச்சர் கேட்டா. நான் பெய்ஸ்லி எண்டு சொன்னனான்."

குசினியில் நின்ற அம்மம்மா திரும்பிப் பார்த்தா. "பெய்ஸ்லியோ? அது மாங்காய் பிள்ளை!"

"மாங்கோ இப்பிடி இருக்காதே. ஏன் அம்மம்மா ஆக்கள் மாங்கோவைக் கழுத்தில போடுகினம்?"

அம்மம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. நான் இங்கே வளர்ந்தவள். எனக்கும் மாம்பழம் என்றால் சித்திரை வைகாசியில் கடை வாசலில் அடுக்கியிருக்கும் பெட்டிதான். மரத்தில் பிஞ்சு பிடித்து, நுனி வளைந்து தொங்கும் மாங்காயை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

பெய்ஸ்லி என்பது ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஊர். 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகளைப் பார்த்து, அதே மாதிரி அந்த ஊர்த் தறிகளில் நெய்து விற்றார்கள். சால்வையில் இருந்த வளைந்த வடிவத்துக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. மகள் சொன்னது பிழை என்று சொல்ல ஏலாது. ஆனால் அவளின் கழுத்தில் கிடந்தது அந்தத் தறியிலிருந்து வந்ததில்லை. யாரோ ஒரு பத்தர் தன்ர வளவில் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார். அங்கேயிருந்து வந்தது அது.

நகைப்பெட்டிக்குள் ஒரு வளவு

அதற்குப் பிறகு நகைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். பெட்டியைத் திறந்தால் ஒரு வளவே இருக்கிறது.

தோடு என்ற சொல்லுக்குக் காதணி என்பது மட்டும் பொருள் இல்லை. பூவிதழும் தோடுதான், பனையோலையும் தோடுதான். முந்தின காலத்தில் ஓலையைச் சுருட்டிக் காதில் போட்டார்கள். தமிழ்நாட்டில் ஆடிப்பெருக்குப் படையலில் காதோலையும் கருகமணியும் இன்றைக்கும் வைக்கிறார்கள். திருஞானசம்பந்தரின் முதல் தேவாரம் சிவனின் காதிலுள்ள தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது தெரியும். அந்தச் சொல்லுக்குள் ஒரு ஓலை இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தாலிக்கொடியில் 'கொடி' இருக்கிறது. தாலி என்ற சொல்லே பனையைக் குறிக்கும் 'தால'த்திலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. மல்லிகை மொட்டு மாலையில் மொட்டுகள் வரிசையாக நிற்கும். முத்து மன்னார்க் கடலிலிருந்து வந்தது. நிறுக்கிற படிக்கல்லும் ஒரு விதைதான்: பத்தர்மார் பொன்னைக் குண்டுமணியால் நிறுத்தார்கள், இரண்டு குண்டுமணி ஒரு மஞ்சாடி. அதனால்தான் "ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று இன்றைக்கும் சொல்கிறோம். வெள்ளைக்காரரின் 'கரட்' என்ற அளவும் கரோப் மரத்தின் விதையின் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஆக, எங்கட நகை மரபு என்பது தங்கம் மட்டும் இல்லை. வாசலில் என்ன முளைக்கிறது, என்ன பூக்கிறது, என்ன காய்க்கிறது என்று உற்றுப் பார்த்த ஒரு பழக்கமும் அதற்குள் இருக்கிறது.

இது எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்றால், எங்கட பெட்டி உண்மையில் வெறுமை. அம்மாவின் அட்டியலும் காப்பும் எண்பதுகளில் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவுக்குப் போயின. இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சோடி கல்லுத்தோடு. வோபர்னில் எந்த அடுக்குமாடிக் கதவைத் தட்டிக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வரும். இங்கே வந்தபின் வாங்கிய நகைகளும், இப்போதைய பவுண் விலையில், வங்கி லொக்கரை விட்டு வெளியே வருவதில்லை. பிள்ளைகளுக்கு நகையைக் கொடுக்க முடிகிறதோ இல்லையோ, அந்தப் பார்க்கிற பழக்கத்தைக் கொடுக்கலாம். அதை யாரும் அடகு வைக்க ஏலாது.

ஆறு பருவம்

இங்கே பள்ளிக்கூடத்தில் நாலு பருவம் படிப்பிக்கிறார்கள். தமிழில் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். ஒரு வருஷம் மகளோடு இந்தக் கணக்கில் நடந்து பார்த்தேன். மார்ச் மாதத்தை 'ஸ்பிரிங்' என்று சொல்லிக்கொண்டு பனிச்சப்பாத்தோடு திரிவதைவிட, 'பின்பனி' என்று சொல்வது ரொறன்ரோவுக்குப் பொருந்துகிறது!

கார் (ஆவணி, புரட்டாசி). வீதியோரம் மஞ்சள் கோல்டன்ராட் பூக்கும். சுமாக் மரத்தின் காய்க்கொத்து சிவப்பு வெல்வெட் போல நிமிர்ந்து நிற்கும். செப்டெம்பர் கடைசியில் ஹைலண்ட் கிறீக்கில் சினூக் சாமன் மீன்கள் வாவியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு வரும். வோபர்னிலிருந்து மோர்னிங்சைட் பார்க் பக்கம்தான். பாலத்தில் நின்று பார்த்தால் செதிள் மினுங்குவது தெரியும். அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு வந்து மகள் கடதாசி மட்டையில் செதிள் செதிளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி ஒரு காப்பு செய்தாள்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை). கைக்கு அதிக வேலை உள்ள பருவம். ஓக் மரத்தின் காய்த்தொப்பி, மேப்பிள் விதை, பழுத்த இலை எல்லாம் கீழே கிடக்கும். காற்றில் காயும் களியை நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, இலையின் நரம்புப் பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். இலையை உரித்தால் நரம்பு அப்படியே பதிந்திருக்கும். ஸ்ட்ரோவால் ஒரு துளை குத்தி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, நிறம் பூசினால் பதக்கம் தயார்.

முன்பனி (மார்கழி, தை). கறுப்புக் கையுறையில் ஒரு பனித்துகளைப் பிடித்துப் பாருங்கள். ஆறு கை இருக்கும். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற கமக்காரர் 1885இல் பனித்துகளை உருப்பெருக்கி வழியாகப் படம் பிடிக்கத் தொடங்கி, ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். ஊரில் இதே மார்கழியில்தான் வாசலில் கோலம் போடுகிறார்கள். அம்மம்மா ஆறுமுனைக் கோலம் ஒன்றைப் போட்டுக் காட்ட, மகள் அதை வெள்ளை மணியால் கோத்தாள். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பின்பனி (மாசி, பங்குனி). இரவில் உறைந்து பகலில் உருகும் இந்த நாட்களில்தான் மேப்பிளில் பால் ஓடும். புசி வில்லோ செடியில் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற அரும்புகள் வரும். அதைக் கண்டதும் அம்மா சொன்னா: "இது இஞ்சத்தை மல்லிகை மொட்டு." அந்த அளவிலேயே களியில் மொட்டு உருட்டி, ஊசியால் துளைத்துக் கோக்கலாம்.

இளவேனில் (சித்திரை, வைகாசி). காட்டுப் பக்கம் ட்ரில்லியம் பூக்கும். 1937 முதல் ஒன்ராறியோவின் பூ அதுதான். மூன்று இலை, மூன்று இதழ். கோயிலில் வில்வம் பார்த்த பிள்ளைக்கு அந்த மூன்று உடனே பிடிபடும். விதையிலிருந்து பூக்க ஏழு வருஷத்துக்கு மேல் எடுக்கும் செடி அது. அதனால் பறிக்கவே கூடாது, பார்த்து வரைய மட்டும்தான். மூன்று வெள்ளை மணி சேர்த்தால் அதுவே ஒரு மூக்குத்தி வடிவம்.

முதுவேனில் (ஆனி, ஆடி). எல்ஸ்மியர் வீதி நடைபாதையோரம் சிக்கரி நீலமாகப் பூக்கும், அதுவும் காலையில்தான். வீட்டுப் பின்வளவில் பாகல் கொடி ஏறியிருக்கும். அதன் பற்றுச்சுருளைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். செப்புக் கம்பியைப் பென்சிலில் அதே மாதிரிச் சுற்றினால் சுருள் தோடு வரும். தாலிக்கொடியில் 'கொடி' எங்கேயிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுக்கவும் அதுதான் நேரம்.

எதை எடுக்கலாம், எதை விடவேணும்

நகரப் பூங்காக்களிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் செடி, பூ, கல் எதையும் எடுத்துவர அனுமதி இல்லை. றூஜ் தேசிய நகரப் பூங்காவிலும் அப்படித்தான். ஆகவே பூங்காவுக்குக் கொப்பியும் பென்சிலும், வீட்டு வளவுக்குப் பை என்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். இதில் ஒரு நன்மையும் உண்டு. எடுக்க ஏலாது என்றால் பிள்ளை உற்றுப் பார்த்தே ஆகவேணும்.

மூன்று இலை பளபளவென்று இருந்தால் தொடாதீர்கள், பொய்சன் ஐவியாக இருக்கலாம். ஆளைவிட உயரமாக வெள்ளைக் குடை போலப் பூக்கும் ஜயன்ட் ஹொக்வீட்டின் சாறு பட்டு வெயிலும் பட்டால் தோல் எரிந்து கொப்புளிக்கும். ஊரிலிருந்து யாராவது குண்டுமணி கொண்டுவந்தால் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். விதை உடைந்து வாயில் போனால் கடுமையான நஞ்சு. மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் மணி எல்லாம் உயர வைக்கவேணும். ஓக் காய்க்குள் புழு இருக்கும், 90 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணித்தியாலம் அவணில் வைத்துவிட்டு எடுங்கள். காதில் போடும் கொக்கி நிக்கல் கலக்காததாக இருப்பது நல்லது.

எங்களுக்கு முன்னமே பார்த்தவர்கள்

இந்த மண்ணைப் பார்த்து அணிகலன் செய்வது புது யோசனை இல்லை. இங்குள்ள முதற்குடி மக்கள் முள்ளம்பன்றி முள்ளாலும் பிறகு மணியாலும் பூவும் கொடியும் தைத்து வந்திருக்கிறார்கள். மேட்டி மக்களுக்கு 'பூமணி வேலைக்காரர்' என்றே ஒரு பெயர் உண்டு. மேட்டி ஓவியர் கிறிஸ்டி பெல்கோர்ட் மணி தைப்பது போலப் புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து ஒன்ராறியோவின் செடிகளையும் உயிர்களையும் வரைகிறார். அவருடைய 2014ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று ஒன்ராறியோ கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் எங்கட பிள்ளைகளுக்குக் கோலம்தான் ஞாபகம் வரும். அவர்களின் வடிவங்களை அப்படியே எடுத்துச் செய்யாமல், அவர்கள் பார்த்த மாதிரி நாங்களும் பார்க்கப் பழகினால் போதும்.

தங்கமும் கல்லும் இருந்தால்தான் நகை என்பதும் இல்லை. பிரான்சில் றெனே லலிக் 1900ஐ ஒட்டிய காலத்தில் மாட்டுக்கொம்பு, கண்ணாடி, எனாமல் எல்லாம் வைத்துச் செய்தார். தும்பி வடிவில் அவர் செய்த மார்பணி இன்று லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பேர் வைத்தது யார்

போன கூதிரில் எங்கட வீட்டு முன்னால் நோர்வே மேப்பிள் விதைகள் கொட்டிக் கிடந்தன. இரண்டு செட்டையும் நேராக விரிந்திருக்கும் வகை. மகள் இரண்டைத் தேடி எடுத்தாள். களியில் பதித்து, வெட்டி, தவிட்டு நிறம் பூசி, கொக்கி மாட்டினாள். "அம்மம்மாவுக்கு" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அம்மா பொன் இல்லாததைக் காதில் போடமாட்டா. அந்தக் கல்லுத்தோட்டை அவ கழற்றி நான் கண்டதே குறைவு. அது அவவுக்கு நகை இல்லை, மிஞ்சினது.

அம்மா கையில் வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இதுக்கு என்ன பேர்?"

"மேப்பிள் கீ, அம்மம்மா."

"திறப்போ? நகைக்கு அப்பிடிப் பேர் வைக்கேலாது." கொஞ்ச நேரம் யோசித்தா. "தும்பிச் செட்டை மாதிரி இருக்கு. தும்பித்தோடு எண்டு சொல்லுவம்."

பிறகு கல்லுத்தோட்டைக் கழற்றி என்ர கையில் தந்துவிட்டு, தும்பித்தோட்டைப் போட்டுக்கொண்டு மார்க்கம் வீதிக் கடைக்கு மரக்கறி வாங்கப் போனா.

மகள் தன் கொப்பியில் அந்த விதையை வரைந்து, கீழே பேரை எழுதி வைத்திருந்தாள். 'த்' ஒன்று குறைந்திருந்தது. கடையால் வந்த அம்மம்மா பக்கத்தில் இருந்து அதைச் சேர்த்து எழுதினா.