பம்பைக் கழற்றும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன இடம். லீ பஜாரில் வந்து இறங்கும் பருப்பும் அரிசியும் மளிகைச் சாமானும் மறுபடி மூட்டை மூட்டையாக ஏறி நாலா திசைக்கும் போகின்றன. பெரிய லாரிகள் இறக்கியதைச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பவை சின்ன வண்டிகள். கார்புரேட்டர் காலத்து மாருதி ஆம்னி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைத்தெருவில் ஊர்ந்து போகிற வரைக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும்தான் குட்டு வெளிப்படும். முதலில் இழுவை குறையும், அப்புறம் திக்கும், ஏதோ ஒரு வளைவில் நின்றேவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

"பம்ப் போயிருச்சுங்க, மாத்திரலாம்" என்று தீர்ப்பு வருவதற்கு அதிக நேரம் ஆகாது. தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் புது பம்ப் மாட்டிய பிறகும் அதே வளைவில் வண்டி நிற்பது பழைய வண்டிக்காரர்களுக்குப் புதிதல்ல.

பட்டறைகளில் 'ஏசி பம்ப்' என்று சொல்லப்படும் இந்தச் சாமான் உள்ளங்கையில் அடங்கும். 1957-இல் வந்து 2014-இல் விடைபெற்ற அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினிலும், 1983 முதல் ஓடிய மாருதி 800-இன் கார்புரேட்டர் மாடல்களிலும் இருந்தது இந்த ரகம்தான். மின்சாரம் வேண்டாம், மோட்டார் கிடையாது. எஞ்சினுக்குள் சுற்றும் கேம்ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் டயாஃப்ரத்தை இழுக்கும்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். விட்டதும் அடியிலிருக்கும் ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் தள்ளி, அந்தப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு ஏற்றும். உள்ளே விட ஒன்று, வெளியே விட ஒன்று என இரண்டு வால்வுகள். கார்புரேட்டர் நிரம்பி மிதவை ஊசி வழியை அடைத்துவிட்டால் ஸ்பிரிங் அமுங்கியபடி காத்திருக்கும். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் தேவைக்கு மேல் ஒரு சொட்டு போகாது. இதைவிட எளிமையான தானியங்கிக் கருவி காரில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

அது கொடுக்கும் அழுத்தமும் சொற்பம். வண்டிக்கு வண்டி மாறினாலும், பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டுதான். லாரி டயரில் அடிக்கும் காற்றில் இருபதில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு மெலிந்த அழுத்தத்தில் வேலை நடப்பதால் வழியில் எந்தச் சின்னக் கோளாறு வந்தாலும் பம்ப் பழுதானதுபோலவே தோன்றும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். பில்டரில் துரு சேர்ந்திருக்கலாம். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ரப்பர் ஓஸ் வெடித்திருக்கலாம். இந்தக் கடைசி ஆசாமி பொல்லாதவன்: உறிஞ்சும் பக்கம் என்பதால் பெட்ரோல் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே போய்விடும்.

சேலத்து வெயில் தன் பங்குக்கு வேறு குழப்பும். பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கோடையில் சூடான எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பம்புக்குள் பெட்ரோல் ஆவியானால், டயாஃப்ரம் வெறும் ஆவியைப் பிசைந்துகொண்டிருக்கும். பம்ப்மேல் ஈரத் துணி போட்டதும் வண்டி கிளம்புகிறதென்றால் பெரும்பாலும் இதுதான் கதை. அப்போதும் பம்பை முழுதாக விடுவிக்க முடியாது. தளர்ந்த பம்பில் ஆவி அடைப்பு சீக்கிரம் வரும்.

இன்னொரு வேடதாரி கரண்ட் பக்கத்தில் இருக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டென்சரோ காயிலோ சூடேறினால் மக்கர் பண்ணும், ஆறினால் வேலை செய்யும். எரிபொருள் குறைந்தால் வண்டி தள்ளாடித் திக்கி நிற்கும். கரண்ட் அறுந்தால் சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நிற்கும். எப்போதும் பொருந்தும் விதி இல்லை, தேடத் தொடங்குவதற்கு நல்ல அடையாளம். ஏர் பில்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடாதபோது கார்புரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால் பெட்ரோல் கீற்றாகப் பாயவேண்டும். பாய்ந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. கோளாறை வேறு பக்கம் தேடலாம்.

பாயவில்லையா? காயில் ஒயரைப் பிடுங்கித் தீப்பொறி வராமல் செய்துவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஓஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லவேண்டும். நல்ல பம்ப் விட்டுவிட்டுப் பலமாகப் பீய்ச்சும். நூல்போல வடிந்தாலும் உடனே பம்பைக் கழற்ற வேண்டாம். டேங்கிலிருந்து வரும் ஓஸை எடுத்துவிட்டு, பம்பின் வாயிலிருந்து ஒரு துண்டு ஓஸைத் தனிப் பெட்ரோல் பாட்டிலில் போட்டு மறுபடி அடித்துப் பார்க்கலாம். இப்போது நன்றாகப் பீய்ச்சினால் குற்றவாளி பின்னால், டேங்க் பக்கம் இருக்கிறான். இப்போதும் வடிந்தால்தான் பம்ப். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், பீடி சிகரெட் பக்கத்தில் கூடாது, வெளிச்சத்துக்கு பேட்டரி டார்ச் போதும் என்பதை எந்த மெக்கானிக்குக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

பம்பின் அடியில் சின்னத் துளை உண்டு. அதில் பெட்ரோல் கசிந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. கிழிந்த டயாஃப்ரம் எஞ்சின் ஆயிலுக்குள்ளும் பெட்ரோலை இறக்கும். ஆயில் கம்பியை உருவி மோந்து பார்த்தால் வாடை வரும். ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருக்கும். அப்படியானால் பம்போடு ஆயிலையும் மாற்றியாகவேண்டும். பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

பம்பை மாற்றுவது சிரமமில்லை, பெரும்பாலும் இரண்டே போல்ட். ஆனால் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் தடித்த பேக்கலைட் துண்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அது எஞ்சின் சூட்டைத் தடுக்கிறது, நெம்புகோல் எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்ற கணக்கையும் காக்கிறது. அது இல்லாமல் இறுக்கினால் நெம்புகோலும் கேமும் ஒன்றையொன்று தின்னும். கேமின் மேடு நெம்புகோலை அழுத்தாத நிலைக்கு எஞ்சினைத் திருப்பிவைத்துக்கொண்டால் பம்ப் தானாக உட்காரும். பாக்கிங் புதிதாகப் போடவேண்டும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கவேண்டும்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போனால் பேச்சே வேறு. அங்கே டீசல்தான் ராஜா. 1951-இல் தொடங்கப்பட்டு 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிய மைக்கோ நிறுவனத்தின் இன்ஜெக்‌ஷன் பம்புகள் பழைய லேலண்ட், டாடா லாரிகளில் ஓடின. அந்தப் பெரிய பம்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபீட் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருவது. காலையில் வண்டி எடுக்கும் முன் கைப்பம்பை நாலு குத்து குத்தவேண்டியிருந்தால், எங்கோ காற்று புகுகிறது அல்லது ஃபீட் பம்பின் வால்வு டீசலைப் பிடித்துவைக்கவில்லை என்று பொருள். பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும், பிறகு தெளிந்த டீசல் வரவேண்டும். எவ்வளவு அடித்தும் நுரை நிற்காவிட்டால் ஓஸையும் வாஷரையும்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயாக காமன் ரெயில் வந்த புதிய லாரிகளில் இந்தத் துணிச்சல் ஆகாது; எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும், பீய்ச்சும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களின் புதுக் கவலை எத்தனால். 10 சதவீதக் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது. 2025-இல் அது 20 சதவீதம் ஆனது. எத்தனாலுக்கென்று தயாராகாத பழைய ரப்பர் அதில் ஊறி உப்பவோ இறுகவோ செய்யும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் பாக்கிங்குகளையும் மாற்றவேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. எனவே டயாஃப்ரம் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது. பழைய இருப்பில் தூங்கிய 'ஒரிஜினல்' இந்த விஷயத்தில் உதவாது.

கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்த பிறகு பம்ப் டேங்குக்குள் மூழ்கிவிட்டது. அது மின்மோட்டார், அழுத்தம் 3 பார் அளவில். சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் முதலில் பியூஸ், பிறகு ரிலே, பிறகு ஒயர், கடைசியில்தான் பம்ப். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் மோட்டாரைக் குளிரவைப்பது. எப்போதும் நூறு ரூபாய்க்கு மட்டும் போட்டு ஓட்டும் சிக்கனம் அந்த மோட்டாரிடம் வட்டியோடு வசூலாகும்.

எல்லாப் பழியும் ஓட்டுநர் மேல் விழவேண்டியதில்லை. டென்சோ தயாரித்த பம்புகளில் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் உப்பி உரசி நின்றுபோகும் குறை தெரியவந்ததால், உலகெங்கும் லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் ஹோண்டா 2020-இல் 65,651 கார்களையும், 2021-இல் 77,954 கார்களையும், 2024-இல் 90,468 கார்களையும் அழைத்து இலவசமாக மாற்றித் தந்தது. செகண்ட் ஹேண்டில் ஹோண்டா வாங்கியவர்கள் பட்டறைக்குப் போகும் முன், சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், தங்கள் வண்டிக்கு அந்த மாற்றம் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.