பழைய வீடியோ கேம் வடிவில் ராஸ்பெரி பை கேஸ்: அழகு மட்டும் போதுமா?

ராஸ்பெரி பை என்பது ஏறக்குறைய ஏ.டி.எம். கார்டின் நீள அகலத்தில் உள்ள ஒரு முழுக் கம்ப்யூட்டர். பிராசசர், ராம் மெமரி, யு.எஸ்.பி. போர்ட்கள் என அனைத்தும் ஒரே போர்டில் இருப்பதால் இவ்வகையை சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் என்கிறோம். இங்கிலாந்தில் 2012 பிப்ரவரியில் இதன் முதல் போர்டு வெளியானது. டி.வி. அல்லது மானிட்டருடன் இணைத்து, ஒரு கீபோர்டும் மவுஸும் மாட்டினால் இன்டர்நெட் பார்க்கலாம், கடிதம் தயாரிக்கலாம், பிள்ளைகள் புரோகிராமிங் பழகலாம், பழைய வீடியோ கேம்களும் விளையாடலாம்.

இந்த போர்டு பெரும்பாலும் மேல்மூடி எதுவும் இல்லாமல் வெறும் போர்டாகவே விற்கப்படுகிறது. பெரிய கம்ப்யூட்டருக்கு கேபினட் இருப்பது போல இதற்கு ஒரு கேஸ் தேவை. கடைகளில் கிடைக்கும் கேஸ்களில் பலரையும் கவர்பவை பழைய கேம் கன்சோல்களின் வடிவில் வருபவை. நின்டெண்டோவின் என்.இ.எஸ்., சூப்பர் நின்டெண்டோ, செகா மெகா டிரைவ் ஆகியவற்றின் சிறு பிரதிகளாக ரெட்ரோஃபிளாக் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. 1990களில் டி.வி.யில் கேசட் செருகி விளையாடியவர்களுக்கு இதைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும்.

வாங்கலாம், தவறில்லை. ஆனால் கேஸ் என்பது வெறும் மேல்சட்டை அல்ல. உங்கள் போர்டு சூடாகாமல் ஓடுவதும், மெமரி கார்டில் உள்ள ஃபைல்கள் பத்திரமாக இருப்பதும் ஓரளவு அதைப் பொறுத்தவை. எனவே கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

1. உங்கள் போர்டு எந்த மாடல்?

இப்போது அதிகம் புழங்குபவை ராஸ்பெரி பை 3 (2016), 4 (2019), 5 (2023) ஆகிய மாடல்கள். மூன்றும் 85 மி.மீ. நீளம், 56 மி.மீ. அகலம் உடையவை. அளவு ஒன்றுதானே, எந்த கேஸும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். போர்ட்கள் இருக்கும் இடங்கள் வேறுபடும்.

பை 3இல் மின் இணைப்புக்கு மைக்ரோ யு.எஸ்.பி.யும், திரைக்கு ஒரு பெரிய எச்.டி.எம்.ஐ. போர்ட்டும் உள்ளன. பை 4இல் இவை யு.எஸ்.பி. டைப்-சி ஆகவும், இரண்டு மைக்ரோ எச்.டி.எம்.ஐ. போர்ட்களாகவும் மாறின. நெட்வொர்க் போர்ட்டும் யு.எஸ்.பி. போர்ட்களும் பை 4இல் இடம் மாறின. பை 5இல் மீண்டும் பழைய பக்கத்துக்கே வந்தன. பை 5இல் 3.5 மி.மீ. ஆடியோ ஜாக் கிடையாது. ஆகவே ஒரு மாடலுக்கான கேஸில் இன்னொரு மாடலைப் பொருத்த முயன்றால் துளைகள் ஒத்துவராது. அட்டைப்பெட்டியின் மேல் உங்கள் மாடல் எண் தெளிவாக அச்சாகியுள்ளதா என்று பாருங்கள். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

2. வெப்பம் வெளியேற வழி உண்டா?

அசல் என்.இ.எஸ். கன்சோலின் பிராசசர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். ராஸ்பெரி பை 5இன் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதுவும் நான்கு கோர்கள். பழைய கன்சோலின் தோற்றத்தை அப்படியே எடுத்து, அதனினும் சிறிய பிளாஸ்டிக் பெட்டியாக்கி, உள்ளே இவ்வளவு வேகமான பிராசசரை வைத்தால் சூடு எங்கே போகும்?

ராஸ்பெரி பையின் பிராசசர் 80 டிகிரி செல்சியசைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போர்டு எரிந்துவிடாது, ஆனால் விளையாட்டு தடுமாறும், வீடியோ விட்டு விட்டு ஓடும். புதிதாக வாங்கியவர்கள் போர்டில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டினர் தரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20 டிகிரி அளவிலான அறையில் எடுக்கப்பட்டவை. நம் ஊரில் மே மாதம் மின்விசிறி மட்டும் உள்ள அறை 35 டிகிரியைத் தாண்டும். அங்கே 65 டிகிரி காட்டிய கேஸ் இங்கே 80ஐ நெருங்கிவிடும். எனவே பை 4 அல்லது 5க்கு ஹீட் சிங்க், ஃபேன் இரண்டும் உள்ள கேஸையே தேர்ந்தெடுங்கள். மேலும் கீழும் காற்றுத் துளைகள் உண்மையிலேயே திறந்திருக்கின்றனவா, அல்லது அழகுக்கான கோடுகள்தானா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பை 5இன் போர்டில் ஃபேனுக்கென்று தனி இணைப்பு உள்ளது. அதில் மாட்டும் ஃபேன் சூட்டுக்குத் தக்கபடி வேகம் மாறும். 40 பின் கனெக்டரிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் சாதாரண ஃபேன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடி இரைச்சல் தரும்.

3. பவர் பட்டன் என்ன செய்கிறது?

மூன்றில் மிக முக்கியமானது இதுதான். பை 3, பை 4 போர்டுகளில் பவர் பட்டன் கிடையாது. கேம் கன்சோல் கேஸில் இருக்கும் பட்டனைப் பார்த்ததும் அழுத்தி அணைக்கத் தோன்றும். பழைய கன்சோலில் அப்படித்தான் செய்தோம். அதில் கேசட்டில் உள்ள விளையாட்டு அழியாது. ராஸ்பெரி பை அப்படி அல்ல. அதன் லினக்ஸ் சிஸ்டம் மைக்ரோ எஸ்.டி. கார்டில் அடிக்கடி எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ஃபைல்கள் சிதையலாம். சில நேரம் கம்ப்யூட்டரே பூட் ஆகாமல் போகலாம். அதே கார்டில் பிள்ளையின் புராஜெக்டும் குடும்பப் படங்களும் இருந்தால் இழப்பு விளையாட்டோடு நிற்காது.

சில கேஸ்களில் பட்டன் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும். வேறு சிலவற்றில் சேஃப் ஷட்டவுன் வசதி உண்டு. இதில் பட்டனை அழுத்தினால் 40 பின் கனெக்டர் வழியாக ஒரு சிக்னல் செல்லும். சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகும். அதன் பின்னரே மின்சாரம் நிற்கும். ரெட்ரோஃபிளாக்கின் நெஸ்பை கேஸில் இந்த வசதி இல்லை. அடுத்து வந்த நெஸ்பை கேஸ் பிளஸில் உள்ளது. பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம் என்பதால் கவனித்து வாங்குங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது. கேஸின் உள்ளே இருக்கும் சிறிய சேஃப் ஷட்டவுன் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, அந்நிறுவனம் தரும் ஸ்கிரிப்டையும் இன்ஸ்டால் செய்ய வேண்டும். பை 5இல் போர்டிலேயே பவர் பட்டன் உள்ளதால் கேஸின் பட்டன் அதை எட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

எந்தப் பட்டனும் மின்வெட்டிலிருந்து காப்பாற்றாது. முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

4. அடாப்டரும் கேபிளும்

பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தேவை. பை 5க்கு 5 ஆம்பியர் பரிந்துரைக்கப்படுகிறது; 3 ஆம்பியரில் ஓடினாலும் யு.எஸ்.பி. போர்ட்களுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைக்கப்படும். கன்சோல் கேஸ்களில் முன்பக்க போர்ட்கள் உட்புறக் கேபிள் வழியே இணைக்கப்பட்டிருக்கும். கேம் கன்ட்ரோலர்களை அங்கே மாட்டலாம். ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தால் அதை போர்டின் நீல நிற யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் மாட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

பை 4க்கான நெஸ்பை 4 கேஸில் கேசட் வடிவப் பெட்டிக்குள் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. வைக்கும் வசதி உண்டு. அதிகம் எழுதிப் படிக்கும் வேலைக்கு மைக்ரோ எஸ்.டி. கார்டைவிட எஸ்.எஸ்.டி. ஏற்றது.

5. விளையாட்டுகள் எங்கிருந்து?

ரீகல்பாக்ஸ், பட்டோசெரா போன்ற இலவச சிஸ்டங்களை கார்டில் பதிந்தால் ராஸ்பெரி பை ஒரு கேம் கன்சோலாகும். ஆனால் பழைய விளையாட்டுகள் பலவற்றுக்கு இன்றும் காப்புரிமை உண்டு. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் பதிந்த கார்டு இலவசம் என்று விற்கப்படும் கேஸ்களைத் தவிர்க்கவும். என்.இ.எஸ்.க்காக இப்போதும் புதிய விளையாட்டுகள் எழுதப்படுகின்றன. 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் அவற்றுள் ஒன்று; அதன் அளவு வெறும் 40 கே.பி.தான். இத்தகையவற்றை விலை கொடுத்து முறையாக வாங்கி விளையாடலாம்.

வாங்கியபின் சோதனை

முதலில் கேஸ் இல்லாமல் போர்டை இயக்கிப் பாருங்கள். பிறகு கேஸில் பொருத்தி, அரை மணி நேரம் ஒரு விளையாட்டு அல்லது வீடியோவை ஓட்டி வெப்ப அளவைப் பாருங்கள். 70 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. 80ஐத் தொட்டால் ஃபேன் மாட்டியிருக்கும் விதத்தையும் காற்று வழியையும் சரிபாருங்கள். அடுத்து பவர் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஷட்டவுன் நடப்பது தெரிந்து, அதன் பின் விளக்கு அணைய வேண்டும். அழுத்திய நொடியே எல்லாம் இருண்டுவிட்டால் அந்தப் பட்டனை இனித் தொடாதீர்கள். மெனுவில் உள்ள ஷட்டவுனையே பயன்படுத்துங்கள்.