மாலை விழுந்த கழுத்து

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டங்களில் பழைய ஆட்களின் படிப்பு பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு சரி. 1948-இல் குடியுரிமையை இழந்த சனம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970-களில்தான். லயமே எழுந்து நின்று மரியாதை கொடுத்த "டாக்டர் ஐயா"கூட அநேகமாக மருத்துவ உதவியாளராகத்தான் இருப்பார். நம் பிள்ளை மருத்துவ பீடத்துக்குப் போகும் என்று ஆசைப்படவே அன்று துணிவில்லை.

இன்று உயர்தரப் பெறுபேறு கைபேசிக்கே வந்துவிடுகிறது. மருத்துவ பீட இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் பங்கிடப்படுவதால் நுவரெலியா மாவட்டத்துக்கும் வாசல் திறந்திருக்கிறது. மருத்துவத்துக்குத் தெரிவானால் மாலை, பட்டாசு, கோயிலில் பூசை. நியாயமான சந்தோஷம். என் கவலையெல்லாம் அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றியது.

தவலந்தென்ன, புசல்லாவை, கம்பளை தாண்டிப் பேராதனையில் இறங்கும் பிள்ளை அதுவரை தமிழில் படித்தது. இனி விரிவுரை ஆங்கிலத்தில். வார்டில் நோயாளி தன் வலியைச் சொல்வது பெரும்பாலும் சிங்களத்தில். ராத்திரி அம்மா கோல் எடுக்கிறார்.

"சாப்பிட்டியா சாமி? படிப்பு எப்பிடி?"

"நல்லா போகுதும்மா."

அந்தப் பதிலுக்குள் தவறிப்போன பரீட்சை ஒன்று இருக்கலாம். கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாளில் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

இந்த மனப்பாரம் மலையகப் பிள்ளையின் பலவீனம் அல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கணக்கில், மருத்துவ மாணவரில் சுமார் 27 வீதமானோருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அவர்களில் சிகிச்சை தேடியவர்கள் 16 வீதமளவே.

அன்று லயத்தில் ஒருத்தி படுத்துவிட்டால் பக்கத்துக் காம்பராவிலிருந்து கேட்காமலே கஞ்சி வரும். விடுதியில் அதற்கு ஈடாக நான் காண்பது "குப்பி". பரீட்சைக்கு முன் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து அண்ணன், அக்காமார் கூட உட்கார்ந்து தமிழில் விளக்கும் வகுப்பு. பாடத்தைவிட, "நானும் போன வருசம் ஒன்று விட்டேன்" என்று அவர்கள் சொல்வதுதான் பிள்ளையை நிமிர்த்துகிறது. தாங்க முடியாத இரவில் 1926-ஐ அழைக்கலாம்; தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது.

வேலையில் இருக்கும் நம் வைத்தியர்கள் லயத்துக்கும் வர வேண்டும். மருத்துவ பீடத்தில் பரீட்சை தவறுவது நடக்கிற காரியம், திரும்ப எழுதலாம் என்று அம்மா அப்பாவிடம் சொல்ல வேண்டும். அது அவர்களுக்குத் தெரியாது என்பதால்தான் பிள்ளை மறைக்கிறது.