ஏழு பெயர்களின் தீவு

தென் அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்து நிற்கும் ஓர் எரிமலைதான் டிரிஸ்டன் டா குன்யா தீவு. பக்கத்து ஊர் என்று சொல்ல வேண்டுமானால் செயின்ட் ஹெலினா. அங்கே போகவே சுமார் 2,400 கிலோமீட்டர் கடலைத் தாண்ட வேண்டும். விமான நிலையம் கிடையாது. இருநூற்றுச் சொச்சம் பேர் வாழும் இந்தத் தீவில் நெடுங்காலம் ஏழே குடும்பப் பெயர்கள்: கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ரோஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ.

இவற்றில் கிரீன் என்ற பெயர் வந்த வழி அருமையானது. 1836இல் எமிலி என்ற கப்பல் இங்கே உடைந்தது. கரையேறியவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் கட்வைக் ஊரைச் சேர்ந்த பீட்டர் க்ரூன். டச்சு மொழியில் 'க்ரூன்' என்றால் பச்சை. தீவில் புழங்கியதோ ஆங்கிலம். ஆகவே க்ரூன், கிரீன் ஆனார். ஒலி மாறினாலும் பொருள் அப்படியே இருந்தது! பிற்காலத்தில் தீவுக்கே தலைவராக இருந்து 1902இல் மறைந்தார். ரெப்பெட்டோ, லவரெல்லோ என்ற பெயர்களும் கப்பல் விபத்து தந்தவைதான். 1892இல் இத்தாலியா என்ற கப்பலில் ஏற்றி வந்த நிலக்கரி தீப்பற்றியது. கப்பலைக் கரையில் மோதி நிறுத்தினார்கள். மாலுமிகளில் இருவர் ஊர் திரும்பவில்லை.

குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆண்களின் ஒய் குரோமோசோமும் அதே வழியில்தான் போகிறது. அப்படியானால் ஏழு பெயருக்கு ஏழு வகை ஒய் குரோமோசோம் இருந்தால் போதும். 2003இல் வெளியான மரபணு ஆய்வில் கிடைத்ததோ ஒன்பது. அதில் ஒன்று, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த ஓர் ஆணுடையதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பெயரை விட்டுச் செல்லாத ஒருவரின் தடம் உயிரணுவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

ஆனால் பெயர் சொல்லாமல் விட்டது அந்த ஒருவரை மட்டுமா? தீவில் நிலையான குடியிருப்பை நிறுவிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கிளாஸின் மனைவி மரியா லீண்டர்ஸ் தென்னாப்பிரிக்கப் பெண். தீவில் மணமாகாமல் இருந்த ஐந்து ஆண்களுக்காக 1827இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து பெண்கள் கப்பலேறி வந்தார்கள். தாய் வழியாக மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைச் சோதித்தபோது, தீவினரிடம் ஐந்து தாய்வழிகள் தெரிந்தன. அந்தத் தாய்மாரின் பெயர் ஏழில் ஒன்றாகக்கூட இல்லை.