பரிசல் மோட்டாருக்கு ஒயரை நீட்டுகிறீர்களா? கணக்குப் பார்த்து வாங்குங்கள்!

மீன்பாசி ஏலம் எடுத்தவர்களும் பெரிய பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்ப்பவர்களும் தீவனம் போடவும் வலை இழுக்கவும் இப்போது பேட்டரி மோட்டாரைத் தேடுகிறார்கள். பெட்ரோல் செலவில்லை, புகையில்லை, சத்தமில்லை. கேரளாவில் வைக்கம் - தவணக்கடவு இடையே 75 பேர் பயணிக்கும் ‘ஆதித்யா’ சூரியசக்திப் படகு 2017 ஜனவரியில் இருந்து ஓடுகிறது. அந்தப் பெரிய படகுக்கும் நம் கண்மாய்ப் பரிசலுக்கும் மின்சாரக் கணக்கு ஒன்றுதான்.

மோட்டாரை வாங்கி மாட்டிய சில நாளிலேயே ஒரு சிக்கல் வரும். மோட்டார் பின்னால், ஆள் பின்னால், பேட்டரியும் பின்னால் இருந்தால், படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கும். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ எடை வரும். அதை நடுவிலோ முன்பக்கமோ நகர்த்தினால் படகு நேராக நிற்கும். ஆனால், மோட்டாரோடு வந்த ஒயர் எட்டாது. வீட்டில் கிடக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரை முறுக்கி நீட்டிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோளாறு தொடங்குவது அங்கேதான்.

வீட்டு ஒயர் ஏன் தாங்காது?

360 வாட் வேலை செய்யும் கருவி 230 வோல்ட்டில் ஓடினால், ஒயரில் போவது சுமார் ஒன்றரை ஆம்பியர்தான். அதே 360 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 30 ஆம்பியர் போகும். உந்துவிசை 30 பவுண்டு என்று போட்டிருக்கும் 12 வோல்ட் மோட்டார், முழு வேகத்தில் ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கும். 55 பவுண்டு மோட்டார் 50 ஆம்பியர் வரை இழுக்கும்.

குறுகலான வாய்க்காலில் அதிகத் தண்ணீரைத் திறந்தால் என்ன ஆகும்? கரை உடையும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மெல்லிய ஒயரிலும் இதே கதைதான். ஒயர் சூடாகும், கடைசியில் இருக்கும் மோட்டாருக்கு வோல்டேஜ் குறையும்.

கணக்கு இதுதான்

தாமிர ஒயருக்கு: தூரம் (மீட்டரில்) × 2 × ஆம்பியர் × 0.0175 ÷ ஒயரின் ஸ்கொயர் எம்.எம். இதில் வருவதுதான் வழியில் இழக்கும் வோல்ட். மின்சாரம் போகவும் வரவும் இரண்டு ஒயர் வேண்டும் என்பதால்தான் 2-ஆல் பெருக்குகிறோம்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 3 மீட்டர் தூரம், 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

- 2.5 ஸ்கொயர் எம்.எம்: 1.26 வோல்ட் இழப்பு
- 4 ஸ்கொயர் எம்.எம்: 0.79 வோல்ட்
- 6 ஸ்கொயர் எம்.எம்: 0.53 வோல்ட்
- 10 ஸ்கொயர் எம்.எம்: 0.32 வோல்ட்
- 16 ஸ்கொயர் எம்.எம்: 0.20 வோல்ட்

12 வோல்ட்டில் 3 சதவிகிதம், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இழப்பு இருந்தால் நல்லது. எனவே இந்த மோட்டாருக்கு 10 ஸ்கொயர் எம்.எம். வேண்டும். 50 ஆம்பியர் மோட்டார் என்றால் 16 ஸ்கொயர் எம்.எம். வாங்குங்கள்.

2.5 ஒயரில் வீணாகும் 1.26 வோல்ட்டை 30 ஆம்பியரால் பெருக்கினால் 38 வாட் வரும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு இது. ஒயரின் நீளம் முழுக்கப் பரவினாலும் ஒயர் சூடாகும். ஆனால், முறுக்கிக் கட்டிய ஜாயின்ட் தளர்ந்திருந்தால் சூடு அந்த இடத்திலேயே குவியும். தார்ப்பாய்க்கு அடியிலோ வலைக்குப் பக்கத்திலோ அது உருகினால், நடுக்கண்மாயில் இறங்கி ஓட முடியாது.

எந்த ஒயர் வாங்கலாம்?

மெல்லிய தாமிர இழைகள் நிறைய உள்ள, வளைந்து கொடுக்கும் ஒயர்தான் படகுக்கு ஏற்றது. ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்விலும் அசைவிலும் ஒடியும். தாமிர வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு. அலுமினியத்திலும் வெல்டிங் கேபிள் வருவதால் கேட்டு வாங்க வேண்டும்.

போர்வெல்லில் மிஞ்சிய ஃபிளாட் கேபிள் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். 4 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் கேபிளில் மூன்றையும் ஒரே லக்கில் சேர்த்து அழுத்தினால் 12 ஸ்கொயர் எம்.எம். ஆகிவிடும். பிளஸ்ஸுக்கு ஒரு துண்டு, மைனஸுக்கு இன்னொரு துண்டு. இரண்டு முனையிலும் மூன்று கோரும் சேர்ந்திருக்க வேண்டும்.

மதுரை சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தைக்குப் பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள், பழைய ஒயரை எடுக்கும் முன் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். கையில் எடுத்தாலே எடை குறைவாகத் தெரியும். இழைகள் பச்சையாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இணைப்பும் பியூஸும்

- ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக இழுப்பதே சிறந்தது. தவிர்க்க முடியாவிட்டால் கிரிம்பிங் ஸ்லீவ் போட்டு அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபால் மூடுங்கள். கருப்பு டேப் மட்டும் சுற்றினால் தண்ணீர் உள்ளே போகும்.
- பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். மோட்டார் பக்கத்தில் வைத்தால், இடையில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.
- பியூஸ் அளவு மோட்டாரின் அதிகபட்ச ஆம்பியரைவிடச் சற்றுக் கூடுதலாகவும், ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். மோட்டாரின் கையேட்டில் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள்.
- வீட்டு எம்.சி.பி. இதற்கு ஆகாது. நேர்மின்சாரத்தில் வரும் தீப்பொறியை அணைக்க அது செய்யப்படவில்லை. சோலார் கடையில் டி.சி. என்று போட்ட பிரேக்கர் கிடைக்கும்.
- பேட்டரியைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்துக் கட்டுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

மாட்டியபின் சோதனை

புரொப்பல்லர் தண்ணீருக்குள் இருக்க, மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுங்கள். மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் ஒரு முறை, மோட்டார் இணைப்பில் ஒரு முறை வோல்டேஜ் பாருங்கள். வித்தியாசம் மேலே போட்ட கணக்கைவிட அதிகமாக இருந்தால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஒயரையும் லக்கையும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் மாற்றியாக வேண்டும்.

லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கினால் ஆயுள் குறையும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 30 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே முழு வேகத்தில் ஓட்டலாம். துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும்.

கிணற்று மோட்டாருக்கும் இதே பாடம்

படகு இல்லாதவர்களுக்கும் இது உதவும். 5 ஹெச்.பி. மும்முனை மோட்டார் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். மும்முனையில் 2-க்குப் பதில் 1.73-ஆல் பெருக்க வேண்டும். மீட்டர் பெட்டியில் இருந்து கிணறு 200 மீட்டர் தள்ளி இருந்தால், 2.5 ஸ்கொயர் எம்.எம். தாமிர கேபிளில் 18 வோல்ட் போய்விடும். 4 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 11 வோல்ட். அலுமினியம் என்றால் இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக வரும் ஊரில் இதுவும் சேர்ந்தால், மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்து காயில் கருகும். ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் தடித்த கேபிளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரிதல்ல.

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கரையில் இருந்து 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் ஒயரைப் படகுக்கு இழுக்கக் கூடாது. ஒயர் தண்ணீரில் விழுந்தால் படகில் இருப்பவர் மட்டுமல்ல, கரையில் மாடு குளிப்பாட்டுபவரும் சேர்ந்தே சாவார். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடுங்கள். 12 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் கொடுப்பதும் கூடாது. அதிக நேரம் ஓட வேண்டுமானால், ஒரே வகை, ஒரே வயதுள்ள இரண்டு பேட்டரிகளைப் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் போடுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் இரண்டு எண்களைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: மோட்டாரின் ஆம்பியர், ஒயர் போகும் தூரம். வளைவு, ஓரம் எல்லாம் சேர்த்து நாடாவால் அளந்தால்தான் தூரம் சரியாக வரும். அந்தச் சீட்டைக் காட்டி, கணக்கில் வந்த அளவையே கேட்டு வாங்குங்கள்.