சோறும் வினாகிரியும்: வீட்டில் சுஷி செய்யத் தொடங்குவோம்

சுஷி என்ற பெயரைக் கேட்டதும் "ஐயோ, பச்சை மீன்!" என்று முகத்தைச் சுளிப்பவர்களே எம்மில் அதிகம். தொலைக்காட்சியில் கறுப்புத் தாளில் சுற்றிய சோற்றுத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, கொழும்பு ஹோட்டல்களில் காசுக்காரர் சாப்பிடும் பண்டம் என்று ஒதுக்கிவிடுபவர்களும் உள்ளனர். இவ்விரு எண்ணங்களும் சரியல்ல. சுஷி என்பது மீனின் பெயரன்று. வினாகிரி, சீனி, உப்புச் சேர்த்துப் பிசறிய சோற்றையே அது குறிக்கும். புளிப்பு என்று பொருள்படும் பழைய ஜப்பானியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. பச்சை மீன் இல்லாமலும் சுஷி உண்டு. அந்தச் சோறு இல்லாமல் சுஷி இல்லை.

யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென நடத்தப்படும் சமையல் வகுப்புகளில் பெரும்பாலும் இலைக்கஞ்சி, சத்துமா உருண்டை, விற்பனைக்கு மிக்சர், வடகம் என்பனவே கற்பிக்கப்படுகின்றன. அவை தேவையானவைதான். ஆனால் உங்களுக்கு எதைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசை என்று எவரும் கேட்பதில்லை. நான் பணியாற்றும் குழுவொன்றில் அப்படிக் கேட்டபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, கணவனை இழந்து மகளுடன் தனியே வாழும் ஓர் அக்கா, "தங்கச்சி, மகள் ரீவியில பார்த்திட்டு அந்தக் கறுப்புத் தாள் சுத்தின சோறு வேணும் எண்டு நிக்கிறாள். எங்கட குசினியில அது செய்யலாமோ?" என்றார். செய்யலாம். அவருக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

சுஷியின் ஆரம்பம் ஆடம்பரமானதல்ல. மீனைப் பழுதாகாமல் வைத்திருப்பதற்காக, உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்தார்கள். பின்னர் மீனை எடுத்துக்கொண்டு சோற்றைப் பெரும்பாலும் எறிந்துவிடுவார்கள். பிவா ஏரிக்கரையில் இன்றும் இவ்வகைச் சுஷி செய்கிறார்கள். எமது நாட்டில் கொறுக்காய்ப்புளியும் உப்பும் சேர்த்து மீனை ஜாடி போடுவதும் இதே நோக்கத்துக்காகத்தான். காலப்போக்கில் ஜப்பானியர் புளிக்கும்வரை காத்திராமல் சோற்றில் வினாகிரியை விட்டார்கள். கையால் பிடித்த சோற்றின்மேல் மீன்துண்டை வைத்துத் தரும் சுஷி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய தோக்கியோவின் தெருக்கடைகளில் விற்கப்பட்டது.

1945இல் யுத்தம் முடிந்தபோது ஜப்பானில் அரிசி பங்கீட்டுக்கே கிடைத்தது; அதுவும் போதாது. நகரத்துப் பெண்கள் தமது கிமோனோ உடைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்று அரிசிக்கும் கிழங்குக்கும் மாற்றினார்கள். மூங்கில் குருத்தின் மடலை ஒவ்வொன்றாக உரிப்பதுபோல உடைமைகளை உரித்து உண்ணும் அந்தச் சீவியத்துக்கு மூங்கில் குருத்து வாழ்க்கை என்றே பெயரிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னியில் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கிய சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1947இல் உணவகங்களை மூடும்படி அரசு ஆணையிட்டது. தோக்கியோவின் சுஷிக்காரர் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் தமது அரிசியில் ஏறத்தாழ 150 கிராம் கொண்டுவந்தால், கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு 10 துண்டு சுஷி செய்து கொடுப்பது. அரிசி உங்களுடையது, கைவேலை எம்முடையது என்ற கணக்கு. இதற்கு அனுமதி கிடைத்தது. ஒருவருக்கான தட்டில் ஏறக்குறைய 10 துண்டு வைக்கும் வழக்கம் அன்றிலிருந்து வந்ததே.

அந்தக் கறுப்புத் தாளுக்கும் ஒரு கதை உண்டு. நோரி எனப்படும் கடற்பாசியைக் காயவைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். அதன் விதை எங்கிருந்து வருகிறது என்பது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. ஒரு வருடம் விளையும், மறுவருடம் ஒன்றுமிராது. மீனவர் அதை அதிர்ஷ்டப் புல் என்றே சொன்னார்கள். யுத்தத்தின்பின் விளைச்சல் படுத்துவிட்டது. அதை நிமிர்த்தியவர் இங்கிலாந்தில், மன்செஸ்டரில் இருந்த கத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பெண். மணமான பெண்களை அவருடைய பல்கலைக்கழகம் வேலைக்கு வைத்திருப்பதில்லை என்பதால், திருமணத்துடன் அவரது விரிவுரையாளர் பதவி பறிபோயிற்று. அவர் சம்பளமில்லாமல் ஆய்வைத் தொடர்ந்தார். இந்தப் பாசி தன் வாழ்நாளின் ஒரு பகுதியைச் சிப்பி ஓடுகளுக்குள் நுண்ணிய இழையாகக் கழிக்கிறது என்று 1949இல் எழுதினார். அதைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர் நோரியைத் திட்டமிட்டு வளர்க்கும் முறையைக் கண்டார்கள். 1957இல் இறந்துபோன அவர் ஜப்பானை ஒருநாளும் கண்டதில்லை. குமமோட்டோ மாகாணத்தின் ஊதோ நகரில் 1963இல் அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14ஆம் திகதி அங்கு அவரை நினைவுகூர்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இவரைப் பற்றி எங்கள் பிள்ளைகள் படிப்பதில்லை என்பது எனக்குக் குறையே.

என்னென்ன வேண்டும்?

முதலாவது அரிசி. நாம் நாளாந்தம் சமைக்கும் குத்தரிசி ஒட்டாது, உருட்டினால் உதிர்ந்துவிடும். புழுங்கல் சம்பாவும் அப்படியே. பொங்கலுக்கு எடுக்கும் வெள்ளைப் பச்சையரிசிதான் உகந்தது. அதிலும் மணி குட்டையாக, உருண்டையாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நீள மணி அரிசியை விட்டுவிடுங்கள்.

வினாகிரி எல்லாக் கடையிலும் உண்டு. ஜப்பானியரின் அரிசி வினாகிரி சற்று மென்மையானது. எமது தென்னை வினாகிரியில் ஒரு கரண்டி தண்ணீர் கலந்தால் போதும். செயற்கை வினாகிரி தொண்டையைக் கரிக்கும், தவிர்ப்பது நல்லது.

நோரி பெரிய சுப்பர் மார்க்கற்றுகளில் இருக்கும், விலைதான் கட்டாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சொக்லேற் கொண்டுவருவதற்குப் பதிலாக இதில் ஒரு பக்கற் கொண்டுவரலாம், பாரமே இல்லை. நோன்பு காலத்தில் முஸ்லிம் சகோதரிகள் காய்ச்சும் கடற்பாசி வேறு, இது வேறு. அதைக் கொண்டு சுற்ற முடியாது. நோரி கிடைக்காவிட்டால் மெல்லிய முட்டைத் தோசையில் சுற்றுங்கள். இது நான் கண்டுபிடித்த சமாளிப்பு அல்ல, ஜப்பானிய வீடுகளிலேயே முட்டையில் சுற்றிய சுஷி உண்டு.

உள்ளே வைப்பதற்கு வெள்ளரிக்காய், கரட், பொரித்த முட்டை, அவித்த றால், எண்ணெய் வடித்து உதிர்த்த ரின் மீன் எதுவும் ஆகும். எனக்கு மிகவும் பிடித்தது சுரைக்காய். ஆம், எமது வேலியில் படரும் சுரைக்காயின் ஓர் இனத்தைத்தான் ஜப்பானின் தோச்சிகி மாகாணத்தில் நாடாபோலச் சீவி வெயிலில் காயவைத்துச் சுஷிக்குள் வைக்கிறார்கள். நாமும் தோல் சீவி, விதைப்பகுதியை நீக்கி, சதையை நீளமாகச் சீவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வற்றலாக்கலாம். வேண்டியபோது உப்புத் தேய்த்துக் கழுவி, மெதுமையாகும்வரை அவித்து, சோயா சோசும் சீனியும் விட்டு வற்றக் காய்ச்சினால் இனிப்பும் உவர்ப்புமாக இருக்கும். கசக்கும் சுரைக்காயை மட்டும் எறிந்துவிடுங்கள், அது உடம்புக்குக் கூடாது. வெள்ளிக்கிழமை விரதக்காரர் சுரைக்காய், கரட், வெள்ளரி மூன்றையும் சேர்த்து நோரியில் சுற்றலாம்.

செய்முறை

2 கோப்பை அரிசியை, கழுவும் நீர் தெளியும்வரை கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். பின்னர் அந்நீரை வடித்து, இரண்டேகால் கோப்பை தண்ணீர் விட்டு மூடி அடுப்பில் வையுங்கள். கொதித்ததும் தணலைக் குறைத்து 12 முதல் 15 நிமிடம் வேகவிடுங்கள். கஞ்சி வடிக்கக்கூடாது. இறக்கி மூடியபடியே 10 நிமிடம் விடுங்கள். பொங்கல்போலக் குழையக்கூடாது; மணி மணியாக நின்று, அழுத்தினால் ஒட்டவேண்டும்.

3 மேசைக்கரண்டி வினாகிரி, 1 மேசைக்கரண்டி தண்ணீர், 2 மேசைக்கரண்டி சீனி, 1 தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை இளஞ்சூட்டில் கரையுங்கள். சுடுசோற்றை அகன்ற பாத்திரத்தில் கொட்டி இதை ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்புப் பட்டால் ருசி மாறும். பிசையாமல், மர அகப்பையால் வெட்டுவதுபோலக் கிளறவேண்டும். அதேவேளை ஒருவர் விசிறவேண்டும். எமது குழுவில் பனையோலை விசிறியுடன் இந்த வேலையைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். சோறு கைச்சூட்டுக்கு ஆறி மினுங்கினால் சரி.

சுருட்டுவதற்கு மூங்கில் பாய் வேண்டியதில்லை. நெருப்பில் வாட்டிய வாழையிலை போதும். இலையின்மேல் நோரியையோ முட்டையையோ விரித்து, வினாகிரி கலந்த நீரில் கையை நனைத்து, சோற்றை மெல்லிதாகப் பரப்புங்கள். மறுகரையில் இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும். இக்கரையோரம் காய்களை வைத்து, இலையைத் தூக்கி உருட்டி அழுத்துங்கள். சற்று நேரம் விட்டு, நனைத்த கத்தியால் 6 அல்லது 8 துண்டாக வெட்டுங்கள். தொட்டுக்கொள்ளச் சோயா சோஸ். வசாபிக்குப் பதில் அரைத்த கடுகு நல்லது. ஜப்பானின் தெற்குத் தீவு ஒன்றில் அப்படித்தான் செய்கிறார்கள்.

முதல் தடவை சுருள் அவிழும். அதற்காகக் கவலைப்படாமல் சோற்றைத் தட்டில் பரப்பி, காய்களையும் முட்டையையும் மேலே தூவுங்கள். அதுவும் சுஷிதான், சிராஷி என்று பெயர். மார்ச் 3ஆம் திகதி பெண்பிள்ளைகளின் திருநாளன்று ஜப்பானியத் தாய்மார் வீட்டில் செய்வது அதையே.

பச்சை மீன் வேண்டாம்

எமது கடலில் பிடிபடும் சூரை விமானத்தில் ஜப்பானுக்குப் போவது உண்மை. ஆனால் அது பிடித்த கணத்திலிருந்து ஐசில் வைத்துப் பேணப்படும் மீன். சந்தையில் வெயிலில் கிடக்கும் மீன் அதுவல்ல. பச்சை மீனிலுள்ள புழுக்களைக் கொல்ல, அதை மறை 20 பாகை செல்சியசில் 7 நாள் உறையவைக்கவேண்டும். மின்சாரம் போய்வரும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை இதற்கு நம்பமுடியாது. சூரை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் உண்டாகும் ஒருவகை நச்சு சமைத்தாலும் அழியாது. ஆகவே சமைப்பதற்கும் புதிய மீனையே வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் பச்சை மீன் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

செய்த சுஷியை 3, 4 மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சோறு விறைத்துவிடும். விற்க எண்ணும் குழுக்கள் முதலில் வீட்டில் பலமுறை செய்து பழகி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெற்ற பின்னரே தொடங்குங்கள். முற்பதிவு எடுத்து, அன்று காலை செய்து, மதியத்துக்குள் கொடுத்து முடிக்கும் அளவே போதும்.