வயிற்றில் பை மாட்டியவர்களுக்கு தோல் எரிச்சலா? துளை அளவை பாருங்க!

குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்து போன்ற காரணங்களால் ஆபரேஷன் நடந்து, வயிற்றில் துளை போட்டு பை மாட்டிக் கொண்டவர்கள் பலர். இந்த துளைக்கு 'ஸ்டோமா' என்று பெயர். உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகு இவர்களை வாட்டி எடுப்பது ஸ்டோமாவை சுற்றி வரும் தோல் எரிச்சல்தான்.

'பை மாட்டினா எரியத்தான் செய்யும்' என்று பல்லை கடித்துக் கொண்டு இருந்து விடுகிறார்கள். இது தவறு. ஸ்டோமாவை சுற்றி உள்ள தோல், வயிற்றின் மற்ற பகுதி தோல் மாதிரியே இருக்க வேண்டும். சிவந்தாலோ, அரித்தாலோ, நீர் கசிந்தாலோ ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

காரணம் என்ன?

கழிவு தோலில் படுவதுதான் முக்கிய காரணம். சிறுகுடலில் துளை போட்டவர்களுக்கு தொல்லை அதிகம். அந்த கழிவு தண்ணீராக வரும். சாப்பாட்டை செரிக்க வைக்கும் நொதிகள் அதில் கலந்திருப்பதால் தோலையும் அரித்து விடும்.

ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கி இருக்கும். 6 முதல் 8 வாரத்தில் சுருங்கி விடும். ஆனால் பையை ஒட்டும் பிளேட்டில், ஆஸ்பத்திரியில் வெட்டிக் காட்டிய அதே அளவுக்கே வீட்டிலும் துளை வெட்டுவார்கள். இடைவெளியில் தெரியும் தோல் கழிவில் ஊறி புண்ணாகி விடும்.

எனவே முதல் 2 மாதம் வாரம் ஒரு முறை ஸ்டோமாவை அளக்க வேண்டும். துளை அதை விட 2 முதல் 3 மில்லி மீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கலாம்.

மாற்றும்போது...

பிளேட்டை வெடுக்கென்று பிடுங்கக்கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திக் கொண்டு மேலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போக துடைத்தால் போதும். துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் வந்தால் பயம் வேண்டாம். தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், டெட்டால் கூடவே கூடாது. எண்ணெய் பட்டால் பிளேட் ஒட்டாது. தோலில் நீர் கசிந்தால் ஸ்டோமா பவுடர் தூவி, மிச்சத்தை தட்டி விட்டு ஒட்ட வேண்டும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்து விடணும். கனம் கூடினால் பிளேட்டை இழுத்து விடும்.

மிச்சம் பிடித்தால் நஷ்டம்

பிளேட் விலைக்கு பயந்து, கசியும் இடத்தில் டேப் ஒட்டி நாளை கடத்துபவர்கள் உண்டு. கழிவு உள்ளேயே தேங்கி புண் பெரிதாகும். ஈரப் புண் மேல் அடுத்த பிளேட்டும் ஒட்டாது. ஒன்றுக்கு இரண்டாக செலவாகும். கசிந்தாலோ, எரிந்தாலோ உடனே மாற்றுவதே லாபம்.

டாக்டரிடம் எப்போது?

வியர்வை காலத்தில் சின்ன சின்ன சிவப்பு புள்ளிகளும் அரிப்பும் வந்தால் பூஞ்சை தொற்றாக இருக்கலாம். பிளேட் ஒட்டிய வடிவத்திலேயே தோல் சிவந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். இரண்டுக்கும் கடையில் களிம்பு வாங்கி பூசாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்டோமா கருத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

போகும்போது கழற்றிய பிளேட்டை ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லலாம். எந்தப் பக்கம் கசிந்தது என்பதை அதன் பின்புறமே காட்டிக் கொடுத்து விடும்.